உதிர்ந்த முடி

யுத்த காலக் கோடை. அருப்புக்கோட்டையில் குடிக்கவே தண்ணீர் இல்லை. இருந்தும் மாமியார் நாகமணி இரண்டு குடம் செலவழித்து, மருமகள் லிங்கம்மாளுக்குச் சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். ஏழு வருஷமாக இல்லாத கரிசனம் இந்த இரண்டு மாதமாக.

“ஈரத்தோட சிக்கெடுக்கக் கூடாது தாயி. நெழல்ல காயட்டும்.”

காய்ந்ததும் நாகமணி பதமாக வாரினாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி ஓலைப்பெட்டியில் போட்டாள். இரண்டு மாதமாகச் சேர்த்ததில் பெட்டி நிறைந்துவிட்டது.

“சவுரி கட்ட இது போதும்.”

“எனக்கெதுக்கு அத்தே சவுரி? முடிதான் முழங்கால் வரைக்கும் கெடக்கே!”

“பந்தல்குடிப் பொண்ணுக்கு முடி கம்மி. மணவறையில சடை நீளமாத் தெரியணும்ல?”

“யாருக்குக் கல்யாணம்?”

“ஒம் புருசனுக்குத்தான். வாரிசு வேணாமா? தலைய ஆட்டாத, முடி அறுந்துரும்.”