மடியில் வைத்த கை

ரெனிஸ் ஆட்டத்தின் கடைசிச் செற் சமனாக நிற்கும்போதுதான் செல்வரட்ணம் எழும்பிப் போய் நடுவரிடம் முறைப்பாடு சொன்னார்.

அவர் சுன்னாகத்திலிருந்து விளையாட வந்த பிள்ளையின் தாய்மாமன். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை ஒவ்வொரு பந்துக்கும் தாயைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், தாய் சிலுவை போடுவதுபோல என்னவோ கை காட்டிக் கொடுக்கிறாள் என்பது அவருடைய வழக்கு.

"மாதாவையும் கூட்டிக்கொண்டு விளையாடினால், எங்கடை பிள்ளை தனிய என்ன செய்யிறது?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

லவீனா சிரிக்கவில்லை. குருநகரிலிருந்து மகள் ஜெசிதாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவள். சவர்க்காரக் கம்பனி ஒன்று பெண்பிள்ளைகளுக்கு நடத்துகிற ரெனிஸ் போட்டியின் இறுதியாட்டம் இது. வெல்லுகிற பிள்ளைக்குக் கம்பனிச் செலவில் கொழும்பில் ஒரு வருடப் பயிற்சி. அதற்காகவே ஜெசிதா விடிய எழும்பி மதிலோடு பந்தடித்துப் பழகியவள்.

நடுவர் கனகலிங்கம் மாஸ்ரர் உயரக் கதிரையிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர். ஆட்கள் கேட்காதபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"தங்கச்சி, செபம் எண்டால் மனசுக்குள்ளை சொல்லுங்கோ. இனிக் கை எழும்பினால் பிள்ளையின்ரை புள்ளிதான் போகும்."

ஓம் என்றாள் லவீனா. செபம்தான் என்றும் சொன்னாள். கைகளைக் கோர்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. ஜெசிதா வழக்கம்போலத் தாயைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். முகம் சுருங்கிப் போனது.

சுன்னாகத்துப் பிள்ளை போட்ட பந்து வலையில் உரசிக்கொண்டு விழுந்தது. திரும்பப் போடச் சொன்னார் மாஸ்ரர். ஜெசிதாவோ அதை ஓங்கி அடித்துவிட்டு, புள்ளி தனக்குத்தான் என்று அடுத்த பந்துக்கு மற்றப் பக்கம் போய் நின்றாள்.

பிள்ளைக்குப் பதகளிப்பு, நிதானமில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

லவீனாவின் கைகள் தாமாகவே எழும்பப் பார்த்தன. ஒன்றை மற்றது இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

புள்ளிகள் மாறி மாறிப் போய், ஒரே ஒரு புள்ளியில் வந்து நின்றது. இரண்டு புள்ளி முந்தத் தேவையில்லை என்பது இந்தப் போட்டியின் விதி; அதை எடுக்கிறவள் கிண்ணத்தை எடுப்பாள்.

ஜெசிதா அடித்த பந்து தூர மூலைக்குப் பறந்தது. சுன்னாகத்துப் பிள்ளையால் எட்ட முடியவில்லை. பந்து கோட்டுக்கு அப்பால் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

அவுட் என்றார் மாஸ்ரர்.

ஜெசிதா மட்டையை எறிந்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வலையடிக்கு ஓடி வந்தாள். அந்தப் பக்கமிருந்து மற்றப் பிள்ளையும் அப்படியே ஓடி வந்தாள்.

சனம் முதலில் சிரித்தது. பிறகு அடங்கிப் போனது.

போன மாரியில் வந்த காய்ச்சலோடு ஜெசிதாவுக்கு இரண்டு காதும் போய்விட்டன. கிட்ட நின்று கதைத்தால் வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வாள். தூரத்தில், மாஸ்ரரின் மீசைக்குள்ளிருந்து வருவதை எப்படிப் பார்க்கிறது? தாய் நெற்றியைத் தொட்டால் பந்து உள்ளே. தோளைத் தொட்டால் வெளியே. நெஞ்சைத் தொட்டால் திரும்பப் போட வேண்டும். தெரிந்தால் விளையாட விடமாட்டார்கள் என்று பயந்து, ஒருவருக்கும் சொல்லக்கூடாதென்று மாதாவின் மேல் தாயிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வலையடியில் நின்று ஜெசிதா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

இனிக் கை எழும்பினால் ஒரு புள்ளியும் போகாது. தோளைத் தொட்டுக் காட்டினால் போதும்.

லவீனாவால் கையைத் தூக்க முடியவில்லை.