ஏதோ ஒரு வைரஸ்

வீட்டிலிருந்தபடியே ஓஸ்லோ அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள் எழிலரசி. சற்றுமுன் கணவனுக்குத் தமிழில் சேதி அடித்தவள், கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்திருந்தாள். இவள் கீபோர்டு எந்த மொழியோ, அங்குள்ள கம்ப்யூட்டரும் அதற்கே மாறிக்கொள்ளும். அறிக்கையின் அடியில் ஆங்கிலத்தில் தட்டிய அவள் பெயர், ஆன்லைன் கூட்டத்தில் எல்லோரும் திரையில் பார்த்திருக்க, தமிழில் விழுந்தது.

"வாட்ஸ் தட்?" என்றார் மேனேஜர்.

"ஏதோ வைரஸ் சார்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, காது சுட, பேக்ஸ்பேஸை அழுத்தினாள்.

கேமராவை மூடிவைத்து, எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத ஓஸ்லோ மிஸஸ் ஹான்சனின் குரல் முதல்முறையாகக் கேட்டது.

"எழிலரசி. வடிவான பேர். அழிக்காதேங்கோ தங்கச்சி."

அதற்குள் பாதிப் பெயர் போயிருந்தது. விரல் இன்னும் பேக்ஸ்பேஸ் மேல்தான் இருந்தது.