தரையிறக்கம்

தாராவி வீட்டுக்குள் நுழைந்ததும் மாரிசெல்வி போனை அப்பாவிடம் நீட்டினாள்.

“உங்க பட்டாளத்து குரூப்ல மெசேஜ் வந்திருக்குப்பா. நீங்க போவீங்கள்லா, அந்தச் சரக்கு விமானம், அதுக்கு ரிட்டயர்மென்டாம். பழைய ஆட்கள ஏத்திக்கிட்டு கடைசியா ஒரு சுத்து சுத்தப் போகுதாம்.”

“நான் வரல தாயி.”

அவளுக்குப் பெயர் வைத்தவரே அப்பா ராஜபாண்டிதான். ஆனால் ஒருநாளும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“இன்ஜின் சத்தத்துல சைகையிலயே பேசிக்கிட்ட கதைய எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கீங்க! பெறவு என்ன?”

“எறங்கப் பயமா இருக்கு.”

“அத்தன தடவ ஏறினவருக்கு எறங்கப் பயமா?”

“நாங்க பாராசூட் ஆளுங்கல்லா. ஏறுவோம், வானத்துலயே குதிச்சிருவோம். விமானத்தோடயே தரைக்கு வந்தது ஒரே தடவதான்.”

“அன்னைக்கு ஏன் குதிக்கல?”

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“சக்கரம் தரையில பட்டதும் உள்ள எல்லாம் குலுங்கும். பெட்டி நகந்துறக் கூடாதுன்னு கட்டிப் புடிச்சிக்கிட்டே வந்தேன்.”

“என்ன பெட்டிப்பா?”

“உள்ள என் கூட்டாளி இருந்தான்” என்றார். “மாரிசெல்வம்.”