பன்னிரண்டில் ஒரு சொல்

வீடு வாங்கச் சேர்த்ததையெல்லாம் கிரிப்டோவில் போட்டிருந்தோம். அதைப் பத்திரப்படுத்த என் கணவர் அருள்மொழி புது வாலட் ஒன்றை, பச்சை விளக்கு எரியும் சிறு கருவியை, வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அது பன்னிரண்டு ரகசியச் சொற்களை அவருக்கு மட்டும் காட்டியது. அவற்றில் ஒன்றை அவர் வாய்விட்டுச் சொன்னாலும் போதும், அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்; பிறகு அந்தப் பணத்தை யாராலும் எடுக்க முடியாது.

அன்றிலிருந்து அவர் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. உப்பை "அந்த வெள்ளைப் பொடி" என்றார். எங்கள் ஆறு வயது மகள் தென்றலை "பாப்பா" என்று மட்டுமே கூப்பிட்டார். ஏன் என்று கேட்டால் கழுத்திலிருந்த கருவியைக் கையால் பொத்திக்கொண்டார்.

நேற்று இருவரும் வீடு திரும்பவில்லையே என்று நான் பள்ளிக்குப் போனபோது, மகளை அழைக்க வந்த அவர் இன்னும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

"அரை மணி நேரமா நிக்கிறார்மா. பிள்ளை பேரைக் கேட்டா முழிக்கிறார். எப்படி அனுப்புறது?" என்றார் காவலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"அப்பா, என் பேர் மறந்துடுச்சா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"தென்றல்," என்றார்.

கழுத்தில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது. ஒன்பது வருடச் சேமிப்பு அதோடு போயிற்று.

திரும்பும் வழியெல்லாம் அவர் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று புரியவில்லை. நான் எதற்காக அழுதேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.