தலை கேட்க வந்தவள்

சத்தம் போடாமல் பாருங்கள், கண்ணுகளா. படகுக் கொட்டகையின் தகர ஓட்டை வழியே காலை வெயில் சகியாசியின் மடியில் விழுகிறது. லெபனானில் அமைதிப்படையில் இருந்தபோது குண்டுச்சில்லு பாய்ந்த தலை அவருடையது. எங்கள் ஊரில் பெரியவர் தலையை யாரும் தொடுவதில்லை. அவர் மனைவி வாசிதிகூட அந்த வடுவைத் தொட்டதில்லை. எதிரே பாயில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் அவர் தங்கை மகள் மெரெசேனி. அவள் அப்பா வெள்ளைக்காரர். போருக்குப் போய் வந்தவர்களின் உடம்பைப் பிளாஸ்டர் மாவில் அச்செடுத்துச் சிலை செய்கிறாள். பதினோரு பேர் தோளும் முதுகும் கொடுத்தார்கள், தலையை ஒருவரும் தரவில்லை. அதைக் கேட்கத்தான் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரில் ஒரு கட்டை மாமன் முன் முறைப்படி வைத்திருக்கிறாள். “மாமன் கறுப்பு, மாவு வெள்ளை. சிலையப் பாத்தா யாருன்னு தெரியுமாடி?” என்று வாசிதி சீண்டுகிறாள். “வடுவப் பாத்தா தெரியும், அத்தை.” சகியாசி மட்டும் சிரிக்கவில்லை. “தங்கச்சி புள்ளடி நீ. என் பன்னி, என் படகு, எதையும் கேக்காமலே கொண்டுபோக உனக்கு உரிமை இருக்கு. வெள்ளைக்காரி மாதிரி என்னத்துக்கு அனுமதி கேக்குற?” “பன்னி வேற, தலை வேற, மாமா.” இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. சகியாசி உள்ளங்கைகளைக் குவித்து, வேரை ஏற்றுக்கொண்டதாக மூன்று முறை தட்டுகிறார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரலைத் தன் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறார். “இங்கதான். சில்லு இன்னும் உள்ளயே இருக்கு. தையல் போட்ட டாக்டர்கூட என்னைக் கேக்காமத்தான் தொட்டாரு.”