மண் படாத பூட்ஸ்

"மார்ச் 12. சிறு தவறு: பாடத்துக்குத் தயார் செய்யாமல், கையில் கிடைத்ததை எடுத்துப் போய்விட்டேன்" என்று டைரியில் எழுதினாள் உமாதேவி.

மாலை வகுப்பில் ஒரு ஜோடி பூட்ஸை மேசைமேல் வைத்திருந்தாள். "இந்த பூட்ஸுக்குச் சொந்தக்காரர் தினமும் சாப்பாடு கட்டிக்கிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குப் போறவர். எப்படிப்பட்டவர்? ஆதாரத்தோட சொல்லுங்க."

சுத்தமானவர் என்ற விடையைத்தான் அவள் எதிர்பார்த்தாள்.

"பொய் சொல்றவர் லா டீச்சர்!" என்றான் ராய்ஸ்டன்.

"டேய்!"

"ஒரு வாரமா மழை. பூட்ஸ்ல மண்ணே இல்ல. உள்ள சிலந்தி வலை வேற."

"வேலை போயிருக்கும் டீச்சர். வீட்டுல சொல்ல வெக்கம்" என்றாள் வனஸ்ஸா. வகுப்பே கைதட்டியது.

அது அப்பாவின் பூட்ஸ்; இன்று அவருக்கு விடுமுறை என்பதால் வாசலிலிருந்து எடுத்து வந்திருந்தாள். மற்ற நாட்களில் உமாதேவி முதல் பஸ் ஏறிய பிறகுதான் அவர் வேலைக்குக் கிளம்புவார்.

மறுபடி எழுதினாள்: "நாளை பூட்ஸை அதே இடத்தில் வைக்க வேண்டும். அப்பா சாப்பாட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைக்க வேண்டும்."