தையல் இல்லாத வயிறு

சதுப்பு ஏரியின் மேல் காலை வெயில் மஞ்சளாகப் படர்கிறது. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய்கிறது. ஓடத்தில் நிகானோரும் அவன் மனைவி எதுவினாவும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே சாய்ந்த கிளையில், நான்கு நாளாகக் கண்ணில் படாத, உடும்பு போன்ற மொட்டைவால் இகுவானா படுத்திருக்கிறது. முட்டைகளால் புடைத்திருந்த அதன் விலா இன்று வற்றிக் கிடக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் நெருங்கினால் இங்கே இகுவானாவின் வயிற்றைக் கீறி, தின்பதற்கு முட்டைகளை எடுத்து, சாம்பல் வைத்துத் தைத்து விட்டுவிடுவார்கள். தைத்தவை பிழைப்பதில்லை. “அறுத்துட்டாங்களாய்யா?” “இருடி, அது எழுந்திரிக்கட்டும்.” “உனக்குத் தெரியாததா? நீ தைச்சது கொஞ்சமா?” துடுப்பின் மேல் நிகானோரின் விரல்கள் ஊசி பிடித்ததுபோலக் குவிந்திருக்கின்றன. இகுவானா சோம்பலாக எழுந்து மேல்கிளைக்கு ஏறுகிறது. வெளிறிய வயிறு முழுதாகத் தெரிகிறது. ஒரு கீறல்கூட இல்லை. மூக்கிலும் நகங்களிலும் ஈரமணல் அப்பியிருக்கிறது. “தானே குழி தோண்டி முட்டை இட்டிருக்குடி!” எதுவினா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “எங்கேன்னு எவன்கிட்டயும் உளறி வைக்காதே.” “நல்லவேளை,” என்று துடுப்பை எடுக்கிறான் நிகானோர், “எங்கேன்னு எனக்கே தெரியாது.”